சாப்ட்பால் அணியோடு திருமங்கலம் வரை

ஒத்தக்கடையை அடுத்துள்ள எங்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் பயிற்றுவித்து, அவற்றுள் கடைசிப் பதினோரு ஆண்டுகள் துறைத்தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டடங்களுக்கு மனை அளந்தபோதும், ஓடுதளத்துக்குக் கோடு போட்டபோதும், சாப்ட்பால் களம் அமைத்தபோதும் அளவு நாடாவின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது. நான் அளந்ததை இன்னொருவர் மறுபடி அளந்து பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வருவது விளங்க வேண்டுமானால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்லூரியில் மகளிர் சாப்ட்பால் அணி இருபது ஆண்டுகளுக்கு மேலாக இல்லை. இந்தக் கல்வியாண்டில்தான் மறுபடி தொடங்கினார்கள். போட்டிப் பருவம் தொடங்குமுன் திருமங்கலத்தில் உள்ள ஒரு கல்லூரியுடன் ஒரு நாள் பயிற்சி ஆட்டத்துக்கு ஏற்பாடாயிற்று. மாணவியர் வெளியூர் செல்லும்போது பொறுப்பாளர் இருவர் உடன் செல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் பயிற்சியாளர் மரியசெல்வி. இவ்வாண்டுதான் பணியில் சேர்ந்தவர். மற்றவராகச் செல்ல வேண்டிய பேராசிரியைக்குக் காய்ச்சல் கண்டதால், மூத்தவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள்.

காலை 6.10. கல்லூரி வாசலில் வேன் நின்றது. வாடகை நாலாயிரம் ரூபாய். சுங்கக் கட்டணம் தனி. பதினான்கு மாணவியரில் பதின்மூவர் ஏறியாயிற்று. மட்டைகளும் கையுறைகளும் அடைத்த கோணிப்பை பின்னிருக்கையில் ஓர் ஆளைப்போல் சாய்ந்திருந்தது. யானைமலையின் முதுகில் மட்டும் வெளிச்சம் படிந்திருக்க, கீழே சாலையில் மேலூர்ப் பேருந்துகள் விளக்கை அணைக்காமலே போய்க்கொண்டிருந்தன. வராத ஒருவர் பாண்டிச்செல்வி. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், முதலாண்டு மாணவி. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர். அணியில் பந்து எறிபவர் அவரே. அந்த இடத்தைப் பிட்சர் என்கிறார்கள்.

6.25க்குச் சாலையைக் கடந்து ஓடிவந்தார்.

“ஏறு தாயி, ஏறு. ஒனக்காகத்தான் வண்டி நிக்குது,” என்றார் ஓட்டுநர் முருகேசன்.

“மேலூர்லயே பஸ்ஸைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாய்ங்கண்ணே. நான் என்ன பண்ண?”

“உங்க அண்ணன்தான் டீ வாங்கிக் குடுத்து நிறுத்தி வச்சிருப்பாரு,” என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல். அணித்தலைவி ஷாகிதா, மூன்றாமாண்டு. எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.

காரணத்தை மரியசெல்வி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “அணியில பேர் வந்தா சாயங்காலம் வரைக்கும் இருந்து விளையாடலாம், வரலைன்னா மத்தியான பஸ்ல வீட்டுக்கு வந்துரணும்னு அவ அண்ணன் சொல்லிருக்காரு சார். பல்கலைக்கழகத்துக்கு லிஸ்ட் இன்னிக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும். இந்த ஆட்டத்தைப் பாத்துத்தான் நான் எழுதப்போறேன்.”

உத்தங்குடியில் சுற்றுச்சாலையைப் பிடித்தோம். ஒத்தக்கடையிலிருந்து திருமங்கலம் இவ்வழியே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். மதுரை நகரத்துக்குள் நுழையாமல் அதன் விளிம்பைச் சுற்றிப் போகும் சாலை இது. கோபுரங்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். மனைப்பிரிவுக் கொடிகளும், பாதி கட்டிய வீடுகளும், நடுவே விட்டுப்போன சில வயல்களும்தான் இருபுறமும்.

காலை 7.00. விரகனூரில் வைகைப் பாலத்தைத் தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். தேநீர் பதினைந்து ரூபாய், உளுந்த வடை பத்து. வடை சூடாக இருந்தது. தேநீரைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

முருகேசன் கையுறையொன்றை எடுத்துப் புரட்டினார். “இதுல தையல் புதுசா இருக்கே பாப்பா?”

“எங்க அத்தா தைச்சதுண்ணே,” என்றார் ஷாகிதா. அவருடைய தந்தை தெற்குவாசலில் பை தைக்கும் கடை வைத்திருக்கிறார். “வார் அந்து போச்சு. ஸ்கூல் பை தைக்கிற நூல்ல தைச்சுக் குடுத்துட்டு, இனிமே இது அந்துச்சுன்னா ஒங் கைதான் அந்துருக்கும்னாரு.”

“பேருதான் சாப்ட்பால். பஞ்சு மாதிரி இருக்குமோ?”

“போடுறோம், புடிச்சுப் பாருங்க.”

பாண்டிச்செல்வி பத்தடி தள்ளி நின்று மெதுவாகத்தான் எறிந்தார். முருகேசன் பந்தைப் பிடித்த கையை உதறிக்கொண்டே, “ஆத்தாடி, இது தேங்காயால்ல இருக்கு!” என்றார். அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார்.

மண்டேலா நகர், கப்பலூர்ச் சுங்கச்சாவடி ஆகியவற்றைக் கடந்து திருமங்கலம் கல்லூரி மைதானத்தை அடைந்தபோது 8.05. புல் கிடையாது. கரிசல் கலந்த தரை. ஓரத்தில் கருவேல வேலி. ஆனால் சுண்ணாம்புக் கோடுகள் கத்தியால் கீறியவைபோல் நேராக இருந்தன. அந்த அணியின் பயிற்சியாளர் கழுத்தில் விசில் மாட்டிய கனத்த உருவத்து அம்மையார். எங்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் பேசினார்.

8.30. ஆட்டம் தொடங்கியது. இவ்விளையாட்டை அறியாதவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். பிட்சர் எறியும் பந்து, மட்டை பிடித்திருப்பவரின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் இடையே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லாத பந்துகள் நான்கு ஆகிவிட்டால், மட்டை பிடித்தவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். சரியாக முழங்கால் உயரத்தில் பந்தை இறக்குவது கடினம். பாண்டிச்செல்வி அதில் கைதேர்ந்தவர் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அன்று அவர் எறிந்தவை அனைத்தும் கணுக்காலுக்கு இறங்கின. சில தரையில் குத்தி ஷாகிதாவின் மார்புக் கவசத்தில் மோதின. திருமங்கலத்துப் பெண்கள் மட்டையை அசைக்காமலே வரிசையாக நடந்தார்கள். பின்னவர் நடக்க நடக்க முன்னவர் தளம் தளமாக நகர, ஐந்து ஓட்டங்கள் அவ்வாறே போயின.

ஷாகிதா முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடுக்களத்துக்கு வந்தார். “என்னடி ஆச்சு? நேத்து அம்புட்டு நல்லாப் போட்டியே?”

“தெரியலக்கா. நேத்துப் போட்ட மாதிரிதான் போடுறேன். பந்து அங்க வந்து செத்துப்போகுது.”

ஷாகிதா திரும்பி நின்று தூரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு உரக்கச் சொன்னார்: “மிஸ், இது தள்ளி இருக்கு மிஸ். நம்ம கல்லுல இருந்து இம்புட்டுத் தூரம் கெடையாது.”

விசில் அணிந்த அம்மையாருக்குக் கோபம் வந்தது. “யம்மா, எங்க கிரவுண்டைக் குறை சொல்லாதீக. டேப்பு இருக்கு. அளந்துக்கங்க.”

“கணக்கு சார் அளக்கட்டும்,” என்றார் ஷாகிதா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அளந்தேன். மட்டை பிடிப்பவர் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட் என்னும் தட்டின் பின்முனையிலிருந்து பிட்சர் நிற்கும் பலகையின் முன்விளிம்பு வரை நாற்பத்து மூன்றடி. பெண்களுக்கு விதித்துள்ள தூரம் அதுவே. எங்கள் மைதானத்தில் பிட்சருக்கான கல் நாற்பதடியில் பதிந்திருக்கிறது. பழைய அணி இருந்த நாளில் விதித்த தூரம் நாற்பது. அதன்படி அளந்து சிமெண்டில் பதிக்கச் செய்தவன் நான். இந்தப் பெண் ஒன்றரை மாதமாகப் பழகியது அந்தக் கல்லில் நின்று.

நாடாவைச் சுருட்டும் வரை இதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. “அளவு சரியாகவே உள்ளது,” என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப என் கைதான் சரியில்ல,” என்று பாண்டிச்செல்வி பந்தை மரியசெல்வியிடம் நீட்டிவிட்டு, வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டார். வேறொரு மாணவி, மெதுவாகவும் உயரமாகவும் பந்தை எறிபவர், அவர் இடத்துக்கு வந்தார். ஆட்டம் நடந்தது.

காலை 10.40. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஊரைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லி வெளியே நடந்தேன். பேருந்து நிலையம் முக்கால் கிலோமீட்டர். இராஜபாளையம், உசிலம்பட்டி, விருதுநகர் என்று மூன்று திசைக்கும் நடத்துநர்கள் ஒரே மூச்சில் கூவுகிறார்கள். விதைக் கடைகளும், மருந்தடிக்கும் தெளிப்பான் பழுது பார்க்கும் கடைகளும் வரிசையாக உள்ளன. சுற்றுவட்டாரம் முழுவதும் தன் தேவைக்கு இங்கேதான் வந்து இறங்குகிறது. மண்பானை மோர் பத்து ரூபாய். வேறேதோ கல்லூரிப் பெண்கள் மூவர் விளையாட்டுச் சீருடையில் என்னருகே நின்று மோர் குடித்துச் சிரித்தபடி பேருந்து ஏறினார்கள். குடித்த மோருக்குச் சில்லறை வாங்கவும் மறந்து நின்றிருக்கிறேன். கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

பகல் 12.40. திரும்பியபோது எல்லோரும் வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் தோற்றிருந்தோம். மரியசெல்வி கைபேசியில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார்.

“பாண்டிச்செல்வி பேரை எடுத்துரலாம்னு இருக்கேன் சார். மனசு வரல. ஆனா வேற வழி தெரியல.”

“எடுக்க வேண்டாம்,” என்றேன். “நம் மைதானத்துக் கல் நாற்பதடியில் இருக்கிறது. மூன்றடி குறைவு. அளந்து பதித்தவன் நான்.”

அவர் கைபேசியைக் கீழே வைத்தார். “கணக்கு சார் அளந்ததுன்னு சொன்னாங்க. அதனாலதான் நான் டேப்பே வைக்கல.”

“தெரியும்.”

“காலையில டேப் கையில இருக்கும்போதே சொல்லிருக்கலாமே சார்.”

“சொல்லியிருக்கலாம்.”

“எங்கிட்டச் சொன்னாப் பத்தாது சார். அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க.”

என் மாணவராக இருக்கும் வயதுடைய ஒருவர் எனக்கு இவ்வாறு சொன்னது அதுவே முதல்முறை. அவர் சொன்னது சரி. நான் மரத்தடிக்குச் சென்று, பதினான்கு பேர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன். பாண்டிச்செல்வி பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தார்.

“மூணடிதானா சார்?”

“மூன்றடி.”

“காலையில இருந்து என் கையைத்தான் சார் திட்டிக்கிட்டு இருந்தேன்.” அவ்வளவுதான் சொன்னார்.

“சாப்பிட்டது போதும், எந்திரிடி,” என்று ஷாகிதா தம் கையுறையைத் தேடினார். “மூணடிக்கு எம்புட்டு ஏத்திப் போடணும்னு பாத்துருவோம்.”

அரை மணி நேரம் இருவரும் வெயிலில் நின்றார்கள். ஷாகிதா கையுறையைத் தம் இடுப்பு உயரத்துக்கு உயர்த்திப் பிடித்து, “இங்க பாத்துப் போடு, அது தானா முழங்காலுக்கு வந்துரும்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திருமங்கலத்து அம்மையார் இதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே, “இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் ஆடுவோமா?” என்றார்.

பிற்பகல் 2.15. முதலில் வந்த இருவரும் மறுபடியும் நடந்தே போனார்கள். மூன்றாமவருக்கு எறிந்த பந்து முழங்காலைத் தடவிச் சென்றது. நடுவராக நின்ற அம்மையாரின் வலக்கை, சரியான பந்து என்று உயர்ந்தது. அடுத்ததும் அவ்வாறே. அதற்கடுத்த பந்துக்கு அந்தப் பெண் மட்டையை வீசி ஏமாந்து, மூன்றும் தவறியதால் வெளியேறினார். ஷாகிதா எழுந்து குதித்ததில் முகக்கவசம் கழன்று விழுந்தது. பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு இன்னிங்ஸில் மூவரை நடக்கவிட்டார், நால்வரை வெளியேற்றினார்.

3.35க்குப் பட்டியல் போயிற்று. அதில் பாண்டிச்செல்வியின் பெயர் இருந்தது. வேன் கப்பலூரைத் தாண்டும்போது அவர் கைபேசியில் பேசுவது கேட்டது. “அண்ணே, பேரு வந்துருச்சு… ஆமா, லிஸ்ட்லயே இருக்கு… இல்ல, நாளைக்கும் சாயங்காலம்தான் வாரேன்.”

மாலை 5.05க்கு ஒத்தக்கடை. எங்கள் மைதானத்தில் புல் உண்டு, நிழல் உண்டு, பார்ப்பவர் அமர வரிசையாகப் படிகள் உண்டு. திருமங்கலத்தில் அவை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பழகியவர் எந்த ஊர்க் களத்திலும் போய் நின்று எறியலாம். மறுநாள் காலை கடப்பாரை போட்டு அந்தக் கல்லைப் பெயர்த்தோம். நாடாவின் ஒரு முனையை மரியசெல்வி பிடித்தார். எண்ணைப் படித்ததும் அவரே.

இந்தப் பயணம் குறித்து எங்கள் கல்லூரி வட்டாரத்தில் இரண்டு செய்திகள் உலவுகின்றன. திருமங்கலத்தார் களத்தை நீட்டி வைத்திருந்ததாகவும் நான் அதைக் கண்டுபிடித்ததாகவும் ஒன்று. அது பொய், அவர்கள் களம் சரியான அளவில் இருந்தது. விதி மாறிய செய்தி எனக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை என்பது மற்றொன்று. என் மீதுள்ள மரியாதையால் நண்பர்கள் இதைச் சொல்கிறார்கள். அதுவும் சரியன்று. நான் பணியில் இருந்தபோதே அப்போதைய உடற்கல்வி ஆசிரியர் என் அறைக்கு வந்து, தூரம் நாற்பத்து மூன்றாகிவிட்டது, கல்லை மாற்ற வேண்டும் என்று சொன்னார். நான் அளந்ததை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.