நாய்க்கு நெறி கட்டிய வாரம்

எங்கள் நாயின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்ததை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். சோறு வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. நாய் வழக்கம்போலத் தட்டைக் காலி செய்துவிட்டு வாலாட்டிக்கொண்டு நின்றது. இடிந்துபோய் உட்கார்ந்தவர் என் கணவர்தான்.

அன்றைக்கே அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குக் கிளம்பினோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் நான் காரை ஓட்ட, அவர் பின்சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கால்நடை டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். பின்னங்கால் மடிப்பிலும் நெறி இருந்தது.

"என்ன இனம்?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் என் கணவர். தெருவில் யாரும் கேட்காவிட்டாலும் பதில் சொல்லுவார்.

"ப்யூர் கோல்டன் ரெட்ரீவர் மேடம். கலப்பே கிடையாது."

"அப்படியா? இந்த நெறியில வர்ற புத்துநோய் ஒன்னு இருக்கு, லிம்போமான்னு. எந்த நாய்க்கும் வரலாம். கோல்டன், பாக்ஸர் மாதிரி சில இனத்துல கொஞ்சம் அதிகமாப் பாக்குறோம்."

அவர் முகம் சுருங்கியது. "அப்பன் மட்டுந்தான் கோல்டன்னு சொன்னாங்க மேடம். அம்மா நம்மூரு நாட்டு நாயாத்தான் இருக்கும். காதைப் பாருங்களேன்."

"வயசு?"

"எட்டு."

"நடுவயசு தாண்டிட்டா வாய்ப்பு கூடும்."

"ஆறரைன்னு வெச்சுக்கங்களேன்."

இனத்தையும் வயதையும் பேரம் பேசிக் குறைத்தால் நோயும் குறைந்துவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வயதை மாற்றிச் சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க சொல்றது கட்டிக்குக் காதுல விழாது. உண்மையச் சொன்னா எனக்கு உதவும். வீட்டுல யாராச்சும் சிகரெட் புடிப்பீங்களா? புகைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஒரு பேச்சு. உறுதி இல்ல, இருந்தாலும் கேட்டுக்கறேன்."

"இல்லீங்க" என்று நான்தான் சொன்னேன். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்து, பல வருடம் முன்பே விட்டவர் ஆயிற்றே!

அவர் என் பக்கமே திரும்பவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டு, "புடிப்பேன் மேடம். காலையில இவனை வாக்கிங் கூட்டிட்டுப் போறப்ப, ஏரிக்கரையில. இவன் பக்கத்துலயேதான் ஒக்காந்திருப்பான்" என்றார்.

மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நாயை நடக்கக் கூட்டிப் போன பாசத்தின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கேயே கத்தியிருப்பேன். அதற்குள் நெறியில் ஊசியைக் குத்தினார்கள், ரத்தமும் எடுத்தார்கள். நாய் முனகியது. கத்த வாய் வரவில்லை.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். அவர் நாயோடு தரையில் படுத்தார். எனக்குப் பயம் ஒருபுறம், ஆத்திரம் ஒருபுறம். குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டேன். இருவரும் அதையே சாப்பிட்டு முடித்தோம்.

ஒருவழியாக டாக்டரம்மா போனில் அழைத்தார். புற்றுநோய் இல்லையாம். உண்ணிக் காய்ச்சலாம், அதில் நெறி கட்டியதாம். மாத்திரையில் சரியாகிவிடும் என்றார்.

என் கணவர் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கேட்டேன்: "எங்கிட்ட மட்டும் ஏங்க மறைச்சீங்க?"

"நீ திட்டுவன்னுதான். ஆனா அன்னைக்குச் சொல்லாம விட்டா, இவன் செத்துப் போயிடுவானோன்னு பயந்துட்டேன்."

அழுது முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு நாயை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவன் முன்னால் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.