தொட்டியருகே ஈரம்

அத்திப்பட்டில் உப்பு வியாபாரம் செய்த அப்துல் கனியின் மனைவி குல்சும் பீவி எனக்குப் பெரியம்மா முறை. 1953ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் நசீரா, வீட்டுக் குளியலறையில் பாசி வழுக்கி விழுந்து மௌத்தானார். நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நேரம். இனி அந்த அறையில் ஒருவரும் விழக்கூடாது என்பதைத் தவிரப் பெரியம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போயிற்று.

கடைசி ஆள் குளித்து வெளியேறியதும் அவர் உள்ளே போவார். செம்பைக் கவிழ்த்து வைப்பார். சோப்பைத் தேங்காய் நாரின்மேல் ஏற்றுவார். நனைந்த துணி ஒன்றுகூட அங்கே தங்காது. பிறகு கிடங்கிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பைத் தரையில் கொட்டித் தேய்ப்பார். உப்பு பட்ட இடத்தில் பாசி பிடிக்காது என்பது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். மறுபடி தண்ணீர் ஊற்ற மனம் வராமல், உப்பைக் கழுவாமலே பழைய வேட்டியால் ஒற்றி எடுத்துக் கதவைத் திறந்து போடுவார். காரைத் தரை வெளுத்துக் காய்ந்துவிடும்.

பிற்பகலில் கடற்காற்று திரும்பும். அப்போது தொட்டியருகே, குளிப்பவர்கள் நின்று நின்று தேய்ந்த பள்ளத்தில், இரண்டு பாதங்களின் அளவுக்கு ஈரம் ஊறி நிற்கும். அதுவரை யாரும் உள்ளே போயிருக்க மாட்டார்கள்.

மருமகள் சைதா அப்போது முழுகாமல் இருந்தார். அவரைக் குளியலறைக்குத் தனியே அனுப்பப் பெரியம்மா சம்மதிக்கவில்லை.

“இன்னா மாமி, குளிக்கக்கூட காவலா? நான் ஜெயிலுக்கா வாக்கப்பட்டு வந்துகிறேன்?”

“சிரிச்சிக்கினே இரு. வழுக்குனா தெரியும்.”

“தரை என் மூஞ்சிய விட காஞ்சி கீதே.”

“இப்ப காஞ்சி கீது. அப்பால அவ வந்து நிப்பா.”

சைதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றே மாமனாரிடம் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் அப்துல் கனி கிடங்கிலிருந்து வந்து, அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“கரிக்குது குல்சும். மழை நாள்ல நம்ம கிடங்குத் தரை வேர்க்குதே, அதான் இது. நீ கழுவாத வுட்ட உப்பு பள்ளத்துல எறங்கி, காத்துல கீற ஈரத்தை இழுக்குது. நம்ம உப்பு தாம்மா.”

“நம்ம புள்ள இல்லியா?”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமே குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார். பிறகு உப்புக்குப் பதிலாகச் செங்கல் தூள் போட்டுத் தேய்க்கும் வழக்கம் வந்தது. நாளடைவில் ஈரம் ஊறுவது நின்றது. சைதா பயமின்றித் தனியே குளித்தார். பிள்ளையும் நலமாகப் பிறந்தது.

பெரியம்மா மட்டும் காற்று திரும்பும் வேளையில் வாசற்படியில் நின்று, காய்ந்த பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது.

ஒரு நாள் சைதா உள்ளே எட்டிப் பார்த்தபோது, தொட்டிக்குப் பின்னால், யார் காலும் படாத மூலையில், மாமியார் ஒரு பிடி உப்பை உள்ளங்கையால் தரையில் அழுத்திக்கொண்டிருந்தார்.

“அங்க எதுக்கு மாமி?”

“இங்க யாரும் வரமாட்டாங்க. வழுக்காது. அவ மட்டும் நின்னுக்கட்டும்.”

பெரியம்மா இருந்தவரையில், சைதா அந்த அறை முழுவதையும் துடைத்து உலர்த்திவிட்டு, அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவார்.