தாள் தள்ளும் றோசம்மா

அச்சுப்பொறியின் இடது கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூன்றாவது தட்டுக்குக் கையை ஓங்கியபடி நிற்கிறார் றோசம்மா. மூன்றாவதை அவர் அடிப்பதில்லை. அது மிரட்டல் மட்டுமே. "வாறியா, வரட்டா?" என்று கேட்கிறார். பொறி ஒருமுறை இருமி, அரைத் தாளை வெளியே நீட்டிவிட்டு நின்றுகொள்கிறது.

மட்டக்களப்பு நகரில், மீனவர் சங்கமொன்றின் கணினி அறையில் அவருக்கு வேலை. வயது ஐம்பதை நெருங்குகிறது. கழுத்தில் அந்தோனியார் பதக்கம், காதுக்குப் பின்னால் பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி நான் கண்டதில்லை. சிக்கிய தாளைக் கிளறுவதற்கே அது. தாளின் இரு ஓரங்களிலும் உள்ள துளைப்பட்டிகளைக் கிழித்து, உருட்டி, கைப்பையில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அவருடைய கோழிகள் அவற்றின்மேல்தான் முட்டையிடுகின்றன. "வைக்கல்ல படுக்காதுகள். ஒபிஸ் கடதாசிதான் வேணுமாம்."

சங்கத்தின் கணினி மேல்மாடியில் இருக்கிறது. அலுமாரியளவு பெரியது, எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்பார்கள். பெரியவருக்கு இணையான அகலமான அச்சுப்பொறி கீழ்த்தளத்தில் இருந்து, சுனாமியில் தண்ணீர் குடித்துச் செத்தது. அதற்குப் பதிலாகத் தொண்டு நிறுவனமொன்று கொடுத்த சிறிய பொறிக்கு றோசம்மா இட்ட பெயர் 'வெளிநாட்டு மாப்பிள்ளை'. பழைய துணை இறந்த செய்தியைப் பெரியவருக்கு இன்னமும் எவரும் அறிவிக்கவில்லை. அவர் வழமைபோல வரிக்கு நூற்றுமுப்பத்திரண்டு எழுத்துகளை அனுப்புகிறார். மாப்பிள்ளை எண்பதை அடித்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுகிறார். விழுங்கப்படுவது ஊர்ப்பெயர். ஊர்ப்பெயரில்லாத மீன்பிடி அனுமதிச் சீட்டோடு நாவற்குடாவிலிருந்து புறப்பட்ட ஒருவர், படையினரின் காவலரணில் ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தப்பட்டார். அந்த ஒருவர் நானே. உரிய ஆவணங்கள் கைவசமுள்ளன. இங்கே அவை தேவையில்லை. அன்றுமுதல் ஊர்ப்பெயர்களை றோசம்மா இறப்பர் முத்திரையால் குத்திவிடுகிறார்.

மாப்பிள்ளையிடம் இதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று உண்டு. அடித்து முடித்த தாளை, அடுத்த தாள் வந்து தள்ளும்வரை அவர் விடமாட்டார். தாளை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினால், அச்சுப்பொறி இறந்துவிட்டதாகப் பெரியவர் முடிவுசெய்து அன்றைய வேலையையே நிறுத்திவிடுவார். கையால் இழுத்தால் சீட்டு நடுவில் கிழியும். கிழிந்த சீட்டுக் காவலரணில் செல்லாது. ஓர் உறுப்பினருக்கு மாதத்துக்கு ஒரு சீட்டுக்கு மேல் பெரியவர் தருவதுமில்லை. ஆகவே ஒருவருடைய சீட்டு வெளியே வரவேண்டுமானால், அவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும்.

வாவிக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். தனியே எவரும் சங்கத்துக்கு வருவதில்லை. "எனக்கு ஒருக்காத் தள்ளிவிடு மனே" என்று, இன்னும் சீட்டு எடுக்காமல் வழியில் போகிற உறுப்பினரையும் அழைத்துவருவார்கள். வலை விரிக்கும் இடத்துக்காகச் சண்டையிட்டுப் பேச்சை நிறுத்திய சகோதரர் இருவர் ஒன்றாக வந்து, தள்ளி முடித்து, மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெவ்வேறு வாசலால் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வரிசையின் கடைசி ஆளுக்கு எவர் தள்ளுவது? அதற்கு றோசம்மாவிடம் ஒரேயொரு வழி இருக்கிறது. நாளுக்கு ஓர் அலுவலகக் கடிதம் அடிக்கப் பெரியவர் அனுமதிக்கிறார். தலைமையகத்துக்கு அனுப்ப றோசம்மாவிடம் ஒரு முறைப்பாடு உண்டு: இந்தப் பொறி அடித்த தாளை வெளியே விடுவதில்லை, ஆளனுப்பித் திருத்தித் தரவும். அதை அவர் எல்லோருக்கும் கடைசியாக அடித்து, கடைசி ஆளின் சீட்டைத் தள்ளிவிடுகிறார். முறைப்பாடு உள்ளே நின்றுவிடுகிறது. மறுநாட்காலையில் முதல் ஆளின் சீட்டு அதை வெளியே தள்ளும்போது தேதி பழசாகிவிடும். அன்றைய தேதியில்லாத முறைப்பாட்டைத் தலைமையகம் ஏற்பதில்லை. கையால் எழுதியதையும் ஏற்பதில்லை. காவலரணில் நின்ற என் சொந்த விவகாரத்தின் பொருட்டு நான் நாள்தோறும் அங்கே போகிறவனாதலால், அவற்றை எறியவிடாமல் வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் தலைமையகத்து மேற்பார்வையாளர் டினேஷ் நேரிலேயே வந்தார். என் கோப்பை அவர்முன் வைத்தேன். இரண்டு தாள் புரட்டி, "எல்லாம் பழைய தேதி" என்று மூடினார். பிறகு றோசம்மாவைப் பார்த்து, "இண்டைய தேதியில ஒண்டு அடிச்சுத் தாங்க. கையோட கொண்டுபோய் ஆள் அனுப்புறன்" என்றார்.

வரிசையில் இருவர் மிஞ்சியிருந்தனர்: முனாப்பும், அவருக்குப் பின்னால், எல்லோரும் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் ஆதம்பாவாவும். முறைப்பாட்டை முதலில் அடித்தால் அதை முனாப்பின் சீட்டுத் தள்ளும். முனாப்பினுடையதை ஆதம்பாவாவினுடையது தள்ளும். ஆதம்பாவாவுக்குத் தள்ள எவருமில்லை. எனக்கு அந்த மாதச் சீட்டு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. ஆதம்பாவாவின் பழைய சீட்டு அன்றோடு காலாவதி. வாவியிலோ இறால் குவியும் நேரம்.

"காக்கா திங்கட்கிழமை வந்து எடுக்கட்டுமே" என்றார் டினேஷ்.

"திங்கள் மட்டும் பொறு எண்டு இறாலுக்கு ஆர் சேர் சொல்லுற?" என்றார் ஆதம்பாவா.

முனாப் சிரித்தார். "நீங்க ரெண்டு நாளைக்கு வலையைக் காயப்போட்டுட்டு நல்லாப் படுங்க காக்கா."

"டேய், ஒன்ட சீட்ட நான்தான் தள்ளணும். தள்ளாம ஊட்ட போனனெண்டா?"

முனாப் அந்த இடத்திலேயே கட்சி மாறினார். "சேர், காக்காட சீட்டுத்தான் முக்கியம்."

மூன்று மணிக்குப் பெரியவர் அன்றைய வேலையை மூடிவிடுவார். சுவர்க் கடிகாரத்தில் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. றோசம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் செருகினார்.

"ஒரு முறைப்பாடுதானே கா! முதல்ல அதை அடிச்சா இந்தக் கரைச்சலே மறுகா இல்லையே!" என்று ஆதம்பாவாவே பொறுக்காமல் சொன்னார்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு சங்க நம்பரைச் சொல்லுங்க காக்கா" என்றார் றோசம்மா. வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள், "முனாப், முதல்ல நீங்க" என்றார்.

முனாப்பினது அடிக்கப்பட்டது. ஆதம்பாவாவினது அதைத் தள்ளியது. மூன்றாவதாக முறைப்பாடு கறகறவென்று அடிபட்டு, ஆதம்பாவாவின் சீட்டை முழுமையாக வெளியே தள்ளியது. றோசம்மா ஓரங்களைக் கிழித்து, ஊர்முத்திரையைக் குத்தி, அவர் கையில் கொடுத்தார். மேல்மாடியில் பெரியவரின் இரைச்சல் அடங்கியது.

"அப்ப என்ர முறைப்பாடு?" என்றார் டினேஷ்.

றோசம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அச்சுப்பொறியின் மூடிமேல் விரித்து வைத்து, தன் கையால் அதன்மேல் அழுத்தினார்.

"உள்ளுக்கதான் இரிக்கி சேர். பாருங்க, இன்னம் சூடு ஆறல்ல."