டெலிபோன் பெட்டிக்கு நான் வைத்த சந்தனம்

தரணேந்திரன் சார் இறந்துவிட்டார். காலையில் என் மகள்தான் போன் செய்து சொன்னாள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

எங்கள் ஆரணி ஸ்கூலில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவர். நான் அங்கே அட்டெண்டர். மணி அடிப்பது, ரூம் திறப்பது, சாமி படத்துக்குப் பூ வைப்பது எல்லாம் நான்தான்.

சார் வந்தவாசிப் பக்கம். ஜைனர். ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்து, தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது இருக்கும். என் மகள் அங்கேயே பிளஸ் டூ. ஸ்கூலுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்து பார்த்தால் நெட் ஊர்கிறது. ஒரு பிள்ளையின் போட்டோ ஏறுவதற்குள் நான் வராண்டா முழுக்கப் பெருக்கிவிடுவேன். பாதி ஏறி நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து...

பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் போட்டோவும் பரீட்சை வெப்சைட்டில் ஏற வேண்டும். கடைசித் தேதிக்குள் ஏறாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. என் மகள் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

ஹெட்மாஸ்டர் தினமும் வந்து நிற்பார். "இன்னா சார், தறியில சேலைக்கு புட்டா போடறவன்கூட இத்தவிட ஜல்தியா முடிச்சிடுவான். போன் பேசினாலும் கரகரங்குது. நீங்க எதையோ நோண்டிகினே இருந்தீங்க, அதான்."

டெலிபோன் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து, எங்க கம்பம் வரைக்கும் சரியா இருக்குது என்று சொல்லிப் போய்விட்டார். சார் ஒவ்வொரு கம்ப்யூட்டராக நிறுத்திப் பார்த்தார். மோடம் மாற்றிப் பார்த்தார். வயர் மாற்றிப் பார்த்தார்.

பகலில் அவருக்கு வகுப்பு. பெல் அடித்த பிறகுதான் உட்கார முடியும். சாவி என்னிடம் இருப்பதால் நானும் இருப்பேன். என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை அப்படியே என் மகளிடம் நீட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா. "இன்னா சார், எங்க அம்மன் பிரசாதம் உங்களுக்கு ஆவாதா?"

"ஆவும் கௌரிக்கா. பொழுது போயிடுச்சே. இருட்டினா நாங்க சாப்பிட மாட்டோம்."

"அப்ப ராத்திரிக்கு?"

"காலையில பார்த்துக்கலாம்."

"தெனமுமா?"

"இங்க லேட்டாயிடுச்சுன்னா..." என்று சிரித்துவிட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்குத் தெரியும்.

சாயந்திரம் ஜன்னல் வழியாக வெயில் இறங்குவதைப் பார்ப்பேன். போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வாங்க சார் என்று சொல்ல வாய் வரை வரும். அவர் எழுந்தால் ஏறுகிற போட்டோ நின்றுவிடுமோ, என் மகள் பெயர் விட்டுப்போகுமோ... சொல்லமாட்டேன். விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள். சார் ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய், சாமி படத்துக்குக் கீழே சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியைத் திருப்புளியால் கழற்றினார்.

"கௌரிக்கா... இங்க வாங்க."

மேல் இடுக்கு வழியாக இறங்கி, உள்ளே சந்தனம். காய்ந்து கட்டியாக. நடுவில் குங்குமம். செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"உங்க கைவேலைதானா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சேன் சார்... புதுசா வந்த நெட்டாச்சேன்னு, பன்னீர் வுட்டு கொழைச்சு, கொஞ்சம் தாராளமா..."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுத்தம் செய்து, கம்பியின் நுனியை வெட்டிப் புதிதாக மாட்டினார். நெட் ஓடியது. என் மகள் போட்டோ ஏறும்போது வெளியே நல்ல இருட்டு.

"என்னாலதானே சார் இத்தனை நாளா பட்டினி கெடந்தீங்க" என்று அழுதுவிட்டேன்.

"நீங்க வெள்ளிக்கெழமை விரதம்னா ஆரணிக்கே தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். அவ்ளோதான் வித்தியாசம், வுடுங்க."

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் "பெட்டியில ஈரம் எறங்கியிருந்துச்சு சார்" என்றார். அதோடு சரி.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. சார்தான் கூப்பிட்டார். பெட்டியின்மேல் ஒரு சோப்பு டப்பாவைக் கவிழ்த்து ஒட்டியிருந்தார். "இதுமேல எவ்ளோ வேணா வைங்க கௌரிக்கா."

என் மகள் இப்போது வேலூரில் நர்ஸ். கல்யாணத்துக்கு சார் வந்திருந்தார். ராத்திரி ரிசப்ஷன்... வந்த கூட்டத்தில் அவர் வழக்கம் எனக்கு நினைவில்லை. இலையில் உட்காராமல் வாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார். ஆல்பத்தில் பார்த்துத்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ஒருநாள் பகலில் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது... நினைத்ததோடு நின்றது.

இன்றைக்குச் சமைத்திருக்கிறேன். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, நீங்கள் சாப்பிடாத எதுவும் இல்லை. உங்கள் வழக்கத்தில் இப்படிப் படைப்பது உண்டா, தெரியாது சார்.

மணி ஐந்துதான் ஆகிறது. இலை போட்டுவிட்டேன். வாசலில் இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கிறது.

சாப்பிடுங்க சார்.