நாலாம் நம்பர் ஜெயித்த சனிக்கிழமை

அறுபதுகளின் கடைசியில் நான் காரைக்குடி டெலிபோன் ஆபீசில், வெளியூருக்கு லைன் கொடுக்கும் டிரங்க் கால் போர்டில் ஆபரேட்டராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. வீட்டில் அம்மாவும், சிவகங்கை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அண்ணனும், நானும்.

மெட்ராஸுக்கு எங்களிடம் இரண்டே லைன். சனிக்கிழமை சாயங்காலம், கிண்டியில் கடைசிக் குதிரைப் பந்தயம் முடிந்ததும், அங்கிருந்து ஒரு ஆள் கூப்பிடுவான். கால் போக வேண்டிய இடம் பஜாரில் இருந்த நெல் மண்டி. மண்டிக்காரர் திருட்டுத்தனமாகப் பந்தயச் சீட்டு எழுதுகிறார் என்பது ஊருக்கே தெரியும். லைன் அறுந்துவிடாமல் பார்க்க நாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், ஜெயித்த குதிரையின் நம்பர் முதலில் விழுவது எங்கள் காதில்தான்.

அந்தக் கால் வரும்வரை மண்டியில் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பார்கள். அங்கே குதிரை ஓடி முடித்திருக்கும். இங்கே பணம் கட்டுவார்கள். அந்த இடைவெளியில் நம்பர் தெரிந்த ஒருவன் கட்டினால் ஜெயிப்பது நிச்சயம். சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்: "காதுல விழுந்தது வாசலத் தாண்டுச்சுன்னா வேல போயிரும் தாயி."

அண்ணன் பெரிய சூதாடி இல்லை. வாரம் ஒரே சீட்டு, அதுவும் எல்லோரும் கட்டுகிற ஃபேவரிட் குதிரை மேல். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஜெயிப்பார். ஃபேவரிட்டுக்கு ஒன்றுக்கு முக்கால்தான் கிடைக்கும் என்பதால், ஜெயித்த வாரம் தோற்ற வாரங்களை ஈடுகட்டாது. அந்த வருடம் பழைய ரேஸ் புத்தகங்களை வாங்கி வந்து பென்சிலால் கோடு போட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னார். "இன்னைக்கு நாலாம் நம்பர் மேல கட்டலாமான்னு பாக்குறேன். ஒண்ணுக்குப் பன்னெண்டு தர்றாக."

"அது ஜெயிக்குமாண்ணே?"

"ஜெயிக்கும்னு சொல்லல. மெட்ராஸ்ல மழ. ஈரத் தரையில அது நல்லா ஓடியிருக்கு. அஞ்சு தடவ ஓடுனா ஒரு தடவ ஜெயிக்கும். அதுக்குப் பன்னெண்டு குடுத்தா, வெல சல்லிசுதானே?"

சொன்னாரே தவிர அவர் முகத்தில் தெம்பில்லை.

மதியம் மழையில் ஒரு லைன் போய்விட்டது. இருந்த ஒன்றில், ரேஸ் முடிகிற நேரத்துக்கு, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துபோன செய்தியைக் கீழச்சிவல்பட்டி வீட்டுக்குச் சொல்லக் கால் வந்தது. அந்தப் பக்கம் எடுத்த பெண் கதறினாள். ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்தது, ஆறும் முடிந்தது. வெட்ட எனக்குக் கை வரவில்லை. ரேஸ் கால் இருபது நிமிஷம் காத்துக் கிடந்தது.

கடைசியில் அதை மண்டிக்குக் கொடுத்தேன். "நாலு" என்று அந்த ஆள் சொன்னதும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் திரும்பிப் பார்த்து, "என்னடி சிரிப்பு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து வெளியே வந்தால், எதிரே மண்டி ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளோடு நின்றார்கள். நான் நடந்தேன். அவர்களும் ஏறாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். வேகமாக நடந்தால் அவர்களும் வேகம். மாதா கோயிலுக்குள் நுழைந்து சுரூபத்தின் முன் முழங்காலிட்டேன். ஜெபம் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்தபோது படிக்குக் கீழேயே நின்றிருந்தார்கள். ஒருவன் சாதாரணமாகக் கேட்டான்: "அண்ணன் வீட்டுல இருக்காகளா?"

நான் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னார். காலையிலேயே மண்டிக்குப் போயிருக்கிறார். பழகிய ஃபேவரிட்டா, நாலாம் நம்பரா என்று தயங்கி, திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில் சாயங்காலம் ரேஸ் கால் தாமதமாகிக் கிடந்த அந்த இருபது நிமிஷத்தில்தான் பணம் கட்டியிருக்கிறார். ஜெயித்த பணத்தைக் கேட்டதும், "ஒங்க தங்கச்சி டெலிபோன் ஆபீஸ்லதானே?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ரேஸ் கால் தாமதித்தது என் கையால். ஆதாயம் என் அண்ணனுக்கு. போதாததற்கு நான் சிரித்ததை ஒருத்தி பார்த்திருக்கிறாள். எந்த அதிகாரி நம்புவார்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் வந்ததும் மண்டிக்காரரே வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். அம்மா கொடுத்த காப்பியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பல வருசமா ஃபேவரிட்டே கட்டுன ஆளு. நேத்து மட்டும் ஏன் தம்பி நாலாம் நம்பரு?"

அண்ணன் ரேஸ் புத்தகத்தைப் பிரித்து, பென்சில் கோடுகளைக் காட்டி, ஈரத் தரையையும் அஞ்சில் ஒன்றையும் பன்னிரண்டையும் விளக்கினார். மண்டிக்காரர் கடைசிவரை கேட்டார்.

"நல்ல கணக்குத்தான். நான் நம்புறேன்னே வச்சுக்குவம்," என்று என் பக்கம் திரும்பினார். "மதுரையில ஒங்க பெரிய ஆபீசுக்கு ஒரு மொட்டக் கடுதாசி போனா, அவுக நம்புவாகளா தாயி?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மண்டிக்காரர் அண்ணன் கட்டிய பணத்தை மட்டும் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லா இருங்க," என்று சொல்லிப் போனார்.

"எனக்காக விட்டுட்டீகளாண்ணே," என்று அழுதேன். அண்ணன் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீ வேணும்னு அந்த ரேஸ் கால நிறுத்தி வைக்கலையே?"

இல்லை என்றேன். தலையாட்டினார். ஆனாலும் அவர் கேட்டுவிட்டார்.

மொட்டைக் கடிதம் வரவில்லை. ஆனால் மாதக்கணக்கில், தபால்காரர் ஆபீஸ் படியேறும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு அவர் பையையே பார்ப்பேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சிச் சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது.

அண்ணன் இரண்டு மாதம் மண்டிப் பக்கம் போகவில்லை. பிறகு மறுபடி வாரம் ஒரு சீட்டு, ஃபேவரிட் மேல்.

"அந்தக் கணக்கு என்னாச்சுண்ணே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கணக்கு சரிதான்," என்றார். "ஃபேவரிட்டு மேல கட்டித் தோத்தா யாரும் வீடு தேடி வர மாட்டாக."