ஹுமாயூன் சொன்ன சாட்சி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஹுமாயூனைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன், பொழைக்கத் தெரியாதவன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மில்லில் நான் எலெக்ட்ரீஷியன். நடந்ததையெல்லாம் கூட இருந்து பார்த்தவன்.

தொண்ணூற்று மூன்றில் ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லுக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்கிருந்தோ, பதிவுகளைச் சேமிக்கும் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து மாட்டச் சொன்னார். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் சேர்த்துவைக்கும் டிரைவர் என்ற புரோகிராமை, யூனிக்ஸின் அடித்தளமான கெர்னலுக்குள் கைவைத்து, ஹுமாயூனே எழுதினான். அதற்காக ஒரு டீகூட அவனுக்கு யாரும் வாங்கித் தரவில்லை.

அந்த டிஸ்க் சரியான சண்டி. இதை எழுது என்று அனுப்பினால், சில நேரம் இப்போது முடியாது என்று திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்ததை மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டும். ஹுமாயூன் அதைக் கடைசியில் நிறுத்தினான். ரேஷன் கடையில் சீமெண்ணெய்க்கு நின்று வளர்ந்தவன் அவன். டின் ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வந்தால் வால்பக்கம்தான் நிற்க வேண்டும். நடுவில் நுழைந்தால் அடி விழும். அவனுக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

வேலுத்தாய் வன்னியம்பட்டியிலிருந்து மில் வேலைக்குப் பஸ்ஸில் வந்து போகிறவள். புருஷன் இல்லை. வருஷக்கணக்காக டெம்ப்ரவரி. பெர்மனென்ட் ஆகிவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியே அனுப்ப முடியாது. ஒருநாள் மேனேஜர் சௌந்தரபாண்டியன் அவளைப் பெர்மனென்ட் ஆக்கியதாக வாயால் சொல்லி, கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். காகிதம் எதுவும் தரவில்லை. ஹுமாயூன் முதலில் அவளுடைய அன்றைய வருகையைப் பதிந்தான். அடுத்து டெம்ப்ரவரியை அழித்துப் பெர்மனென்ட் என்று பதிந்தான். திரையில் சரியாகவே தெரிந்தது. கூப்பிட்டு அவளுக்கும் காட்டினான்.

உள்ளே நடந்தது வேறு. முதல் பதிவை டிஸ்க் திருப்பி அனுப்ப, டிரைவர் அதைக் கடைசிக்குத் தள்ளியது. இரண்டாவது பதிவு முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பிறகு, டெம்ப்ரவரி என்றே இருந்த பழைய பதிவு வந்து அதே இடத்தில், அதன் மேலேயே எழுதிக்கொண்டது. திரையில் தெரிந்தது மெமரியில் இருந்த நகல்தான். அன்று ராத்திரி கரண்ட் போனதும் அதுவும் போயிற்று. வேலுத்தாய் மறுபடி டெம்ப்ரவரி.

அடுத்த வருஷம் நூல் விலை விழுந்தது. டெம்ப்ரவரி ஆட்களை அனுப்பினார்கள். மேனேஜர், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கைவிரித்தார். வேலுத்தாய் லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுத்தாள். அவளுக்கு ஒரே சாட்சி ஹுமாயூன்.

அதற்குள் அவன் தோண்டித் துருவி டிரைவரில் இருந்த தப்பைக் கண்டுபிடித்திருந்தான். "ஸ்கிரீன்ல பாத்தேன்னு மட்டும் சொல்லுலே, மிச்சத்த விடு" என்றேன்.

"முழுசாச் சொன்னாத்தாம்லே நம்புவாவ" என்றான்.

விசாரணையில் முழுசாகச் சொன்னான். மில் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அப்ப நீங்க எழுதுன புரோகிராம் தப்புத் தப்பாப் பதியும். அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அந்த மெஷின்ல பெர்மனென்ட்டுங்கறது மட்டும் சரியாத் தெரிஞ்சுதாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹுமாயூன் வரிசை, மெமரி என்று விளக்க ஆரம்பித்தான். ஆபீசர் மணியைப் பார்த்தார்.

மறுநாளே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டிரைவரைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வருவதை வரிசையின் முன்னாலேயே நிறுத்தும்படி மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனான், பைத்தியக்காரன். அதை வைத்து மில் இன்னும் பல வருஷம் சம்பளக் கணக்குப் போட்டது.

வேலுத்தாயின் மனு தள்ளுபடி ஆனது. தீர்ப்பு வந்த அன்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் நின்றிருந்தோம். ஹுமாயூன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "அக்கா, நான் பொய் ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அங்க அம்புட்டுப் பேரும் பொய் சொன்னாவ. நீங்க ஒருத்தர்தான் தம்பி நெசம் சொன்னிய. அவிய பொய்யில நான் தோக்கல, ஒங்க நெசத்துலதான் தோத்தேன்."