கமிசா என்று பாடியவள்

சூடேறிய ப்ரொஜெக்டரின் தூசி வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது...

பாளையங்கோட்டையில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. சனிக்கிழமை மதியம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் ஃபிலிம் சொசைட்டி படம் போடும். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. நாற்பது நாற்காலி, இருபது பேர்.

ஒரு சனிக்கிழமை வந்தது, ஸ்பெயினில் பேசும்படம் தொடங்கிய காலத்துப் பாட்டுப்படம். சப்டைட்டில் கிடையாது.

நம் பழைய படங்களில் பாடுகிறவர் நம்மைப் பார்த்து நேராக நிற்பார். இந்த டைரக்டர் வேறு மாதிரி... பாடுகிறவளின் முகத்தை விட்டுவிட்டு, அவள் துவைக்கும் சட்டையை, சுவரோரம் நின்று கேட்கிறவர்களை, ஷாட்டை வெட்டாமல் காட்டிக்கொண்டே போனார். சொசைட்டியின் சைக்ளோஸ்டைல் இதழில் விமர்சனம் எழுதுகிறவன் நான். இருட்டிலேயே குறிப்பெடுத்தேன்.

பக்கத்தில் ஜெரோம். கடற்கரை ஊர்க்காரர், ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. நான் கூப்பிட்டதற்காக வந்தவர். பைய என் காதருகே குனிந்தார்.

"கமிசான்னு பாடுதா வே. எங்கூர்லயும் சட்டைக்கு அதான் பேரு."

கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மை இன்னும் அப்பா கமிச வாராவாரம் துவைச்சுக் காயப்போடுதா. கடலுக்குப் போன மனுசன் வரல..."

படம் முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

நான் அதை எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, "என் நண்பரின் தாய்" என்றுதான். அந்த டைரக்டரின் கலையைச் சொல்ல அதைவிட நல்ல உதாரணம் இல்லையென்று தோன்றியது. எல்லோரும் பாராட்டினார்கள். அவர் என்னோடு படத்துக்கு வந்தது தெரிந்த யாரோ ஆபீஸில் ஜெரோமிடமே அம்மாவைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள்.

ஜெரோம் அந்த இதழை என் மேஜையில் வைத்தார்.

"ஒம்மகிட்ட மட்டுந்தான் சொன்னேன் வே."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். அப்புறம் ஃபைல் விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. ஆறே மாதத்தில் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். இரண்டு கடிதம் போட்டேன்... பதில் இல்லை.

போன வருஷம் அவர் இறந்துபோனது வாட்ஸ்அப் குரூப்பில்தான் தெரிந்தது. அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

போன வாரம் அந்தப் படம் போனில் கிடைத்தது. சுத்தமான பிரிண்ட், கீழே வரிக்கு வரி ஆங்கிலம். அந்தப் பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

அந்தக் காலத்தில் ரீல் பெட்டிக்காக ஜங்ஷன் ஸ்டேஷனில் மணிக்கணக்காகக் காத்துக்கிடப்போம். படம் பார்க்கத் துணைக்கு ஒரு ஆளையாவது இழுத்துக்கொண்டு போவோம். இப்போது எந்தப் படமும் நொடியில் வந்துவிடுகிறது. தனியாகத்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மாவைப் பற்றி இரண்டாவது தடவையாக இன்றைக்கு எழுதுகிறேன். இதையும் ஜெரோமைக் கேட்காமல்தான்...